தலைமாட்டில் எதை வைப்பது?

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுச் சமையலறைக் கிரில்லில் இரண்டு கம்பிகளை மட்டும் வெட்டியிருந்தார்கள். வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தேன். ரம்பத்தால் அறுத்திருந்தால் பிசிறு இருக்கும், இதில் இல்லை. பெரிய வெட்டுக் குறட்டால் ஒரே கடி, பழுத்த கொய்யாவைக் கடித்த மாதிரி. மாடியில் ஐந்து பேர் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போனவை இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, சாமி மேடையில் இருந்த உண்டியல். ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த வீட்டு அக்கா அன்று முழுக்க மாடிப்படியின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை ஆராவில் எங்கள் தெருவே அந்த வாசலில் கூடி நின்றபோது ஒருவர் சொன்னார்: "கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் கதையே வேறு." யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

அதே வாரம் ஹூஸ்டனிலிருந்து என் தங்கையின் கணவர் அழைத்தார். அவர்கள் குடியிருப்பிலும் ஒரு வீடு உடைபட்டிருக்கிறது. "மச்சான், நீங்கள் ஒரு மின்விசிறி வாங்குவதற்கே நான்கு கடை ஏறி விலை எழுதிக்கொண்டு வருகிறவர். மூன்று துப்பாக்கிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். எது சரி என்று சொல்லுங்கள்" என்றார். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பில் இருப்பவன். துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நழுவியிருக்கலாம். ஆனால் மாதத்தில் பாதி நாள் எனக்கு இரவு வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தனியாக இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கேள்வி எனக்கும் உள்ள கேள்விதான். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு வீட்டுக்கும் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

முதலில் ஹூஸ்டன் வீடு.

அங்கே நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் கடைக்குப் போய்ப் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் துப்பாக்கியோடு வெளியே வரலாம். கைத்துப்பாக்கிக்குக் கடையில் 21 வயது, நீளத் துப்பாக்கிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பட்டியலில் இருந்தவை: ஒரு பம்ப் ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளைச் சுடும், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி), ஒரு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, ஒரு ஏஆர்-15 வகை ரைபிள். அமெரிக்காவில் வீட்டுக்காவல் என்றதும் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த மூன்றிலேயே வந்து நிற்கும்.

ஷாட்கனுக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது, "குறி பார்க்கவே வேண்டாம், ரவை பரவிவிடும்" என்பது. 1950இல் வந்த ரெமிங்டன் 870, 1960களின் தொடக்கத்தில் வந்த மாஸ்பெர்க் 500 இரண்டும் இந்தப் பெயரிலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிருக்கின்றன. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 12 கேஜ் என்ற குழல் அளவுக்கான தோட்டா ஒன்றில் பெரிய ரவை என்றால் வழக்கமாக ஒன்பது இருக்கும், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். அவை ஏறத்தாழ ஒரு கெஜ தூரத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில்தான் விரிகின்றன. படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்தின் கோடி ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த ரவையும் விரித்த ஒரு கை அகலத்துக்குள் போய் விழும். குறி தப்பினால் ஒன்பதும் சேர்ந்தே தப்பும். அடுத்தது அந்த 'சக்-சக்' சத்தம்: பம்பை இழுக்கும் ஓசையைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பது. ஓடலாம். அவனிடமும் துப்பாக்கி இருந்தால், நாம் நிற்கும் இடத்தை நாமே சொல்லிக் கொடுத்ததாகவும் ஆகலாம்.

ஆனாலும் ஷாட்கனில் ஒரு நியாயம் இருக்கிறது. தோளில் ஊன்றிப் பிடிக்கும் எதையும், நடுங்கும் கையில் பிடிக்கும் குட்டைத் துப்பாக்கியைவிட நேராக நிறுத்தலாம். குறை, அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பொருளோடு ஒடுக்கமான நடையில் திரும்ப வேண்டும். பதற்றத்தில் பம்பை முழுக்க இழுக்காமல் பாதியில் விட்டால் சிக்கிக்கொள்ளும்.

கைத்துப்பாக்கிக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஒரு கையில் அது, மறு கையில் பிள்ளை அல்லது தொலைபேசி. கிளாக் 17 என்றால் உள்ளே 17 தோட்டா. ஆனால் அதில் தனியாகத் தள்ளிவிடும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது. வெளியே தெரிவது விசையிலேயே உள்ள ஒரு சின்னப் பூட்டு மட்டும்தான். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒரு வரியை நான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். குறியும் எளிதல்ல. நியூயார்க் போலீசாரின் 1998 முதல் 2006 வரையிலான துப்பாக்கிப் பிரயோகங்களை ரேண்ட் ஆய்வு நிறுவனம் பார்த்தபோது, எதிராளி திருப்பிச் சுட்ட மோதல்களில் இலக்கில் பட்டவை 18 விழுக்காடு. பயிற்சி எடுத்துச் சம்பளம் வாங்குபவர்கள் சுட்ட ஐந்தில் நான்கு எங்கோ போயிருக்கின்றன. உறக்கக் கலக்கத்தில், கண்ணாடி இல்லாமல், வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாம் எந்தக் கணக்கில் வருவோம்?

அந்த 'எங்கோ' என்பதுதான் ஹூஸ்டன் வீட்டின் உண்மையான சிக்கல். அங்கே உள்சுவர் செங்கல் அல்ல. மரச் சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. 9 மில்லிமீட்டர் குண்டும் பெரிய ரவையும் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். வியப்பு என்னவென்றால், மூன்றில் பயங்கரமாகத் தெரியும் ரைபிளின் குண்டு மூன்றரை கிராம் சொச்சம்தான். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போய்ப் பலகையில் பட்டதும் புரண்டு, சில வேளை உடைந்துபோகிறது. அதனால் சில சோதனைகளில் அது கைத்துப்பாக்கியைவிடக் குறைவாகவே ஊடுருவியிருக்கிறது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. எதைச் சுட்டாலும் அடுத்த அறையில் இருப்பவர் ஆபத்தில்தான் இருக்கிறார். மூடிய அறையில் சுட்டால் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே ஒரு வெடி காதைக் கெடுத்துவிடும். முதல் வெடிக்குப் பிறகு 'அம்மா' என்று பிள்ளை கூப்பிட்டாலும் கேட்காது.

மாப்பிள்ளையிடம் வீட்டின் வரைபடத்தை அனுப்பச் சொன்னேன். குழந்தையின் அறை கூடத்தின் மறுகோடியில். அப்படியானால் பெற்றவர்கள் கட்டாயம் நடந்து போயே ஆக வேண்டும். ஒரு கை காலியாக இருந்தே ஆக வேண்டும். ரைபிளும் ஷாட்கனும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. உடனே திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள் ஒரு கைத்துப்பாக்கிதான் மிச்சம். டெக்சஸ் சட்டப்படி, கைக்கு எட்டும்படி விட்டு வைத்த துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் வைத்தவர்மேல் குற்றம் என்பதால் பெட்டி விருப்பம் சார்ந்ததும் அல்ல. ஒரே அறையில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் திட்டம் என்றால், அப்போது நீளத் துப்பாக்கி முந்துகிறது. இதை எழுதி அனுப்பினேன்.

கூடவே இரண்டு ஆய்வுகளையும் அனுப்பினேன், மனம் கேட்கவில்லை. 1993இல் கெல்லர்மன் குழுவினர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டது: துப்பாக்கி உள்ள வீட்டில் ஒருவர் கொலையாவதற்கான வாய்ப்பு 2.7 மடங்கு. கொன்றவர்களில் பெரும்பாலோர் சுவரேறி வந்தவர்கள் அல்லர், உறவினரும் தெரிந்தவர்களும். அந்த ஆய்வைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆபத்தான சூழலில் இருப்பவர்கள்தானே துப்பாக்கி வாங்குவார்கள், எது காரணம் எது விளைவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2020இல் கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வை அப்படித் தள்ளுவது கடினம்: கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறப்பது எட்டு மடங்கு, பெண்கள் 35 மடங்கு அதிகம்.

மாப்பிள்ளை பதில் போடவில்லை. நான்கு நாள் கழித்துத் தங்கைதான் அழைத்தாள். "அண்ணா, பிள்ளையின் கட்டிலை எங்கள் அறைக்கே மாற்றிவிட்டேன். கதவையும் கனமான மரக்கதவாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். இப்போது நடக்க வேண்டிய தேவையே இல்லையே?" நான் இரண்டு வாரம் நோட்டில் போட்ட கணக்கை அவள் ஒரு கட்டிலை நகர்த்தித் தீர்த்துவிட்டாள். கண் விழிப்பதற்கும் எதிரே ஆள் நிற்பதற்கும் நடுவே எத்தனை நிமிடம் கிடைக்கிறது, அந்த நிமிடத்தில் நாம் எங்கே நிற்கிறோம். பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இனி எங்கள் வீடு.

இங்கே துப்பாக்கி என்ற பேச்சு சட்டத்திலேயே முட்டி நிற்கும். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலேயாவில் அறிவித்த அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நடந்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவரைத் தூக்கிலிடலாம் என்று இருந்த காலம் அது. அது முடிந்த அதே 1960இல்தான் ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கியைப் பார்த்தாலே இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏன் இத்தனை கடுகடுப்பு என்பதற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைத்தான் காட்ட வேண்டும். உரிமம் கொடுப்பவர் மாநிலப் போலீஸ் தலைவர். திருட்டுப் பயம் என்று தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் கிடைத்துவிடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. "தெரிந்த இடத்தில் கிடைக்கும்" என்று காப்பிக் கடையில் குரலைத் தாழ்த்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று தலைமாட்டில் இருந்தால், திருடன் வந்த இரவில் போலீசை அழைக்கவே பயப்பட வேண்டிவரும். இருக்கும் ஒரே உதவியையும் காசு கொடுத்து அறுத்துக்கொள்வது அது.

காற்றுத் துப்பாக்கியாவது வாங்கலாமே என்று என் பெரிய பையன் கேட்டான். ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். தீங்கான திரவத்தையோ வாயுவையோ பீய்ச்சும் கருவியும் அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது; இணையக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக மிளகுத் தெளிப்பானை வாங்குபவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு வாங்கட்டும்.

சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். சுங்கை பாக்காப்பில் இருக்கும் பெரியப்பா. சிறிய செம்பனைத் தோட்டம், காட்டுப்பன்றித் தொல்லை, அதற்காக ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை, ஊரில் செனாப்பாங் பாத்தா என்பார்கள். பாலம் தாண்டிப் போய் அவரையே கேட்டேன். அலமாரியைத் திறந்து, பழைய கைலியில் சுற்றியிருந்ததை எடுத்து மடியில் வைத்தார். குழலை மடித்தபோது எண்ணெயும் பழைய வெடிமருந்தும் கலந்த வாடை, தீபாவளிக்கு மறுநாள் காலை வாசலில் அடிக்குமே, அது. பித்தளை அடியும் சிவப்பு நெகிழிக் கூடும் உள்ள தோட்டா ஒன்றை என் கையில் வைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கனம். வாங்கக்கூடிய தோட்டாவுக்கும் கணக்கு உண்டு, உரிமத்தில் எழுதியிருக்கிறது என்றார்.

"பெரியப்பா, இப்போது நள்ளிரவு, திருடன் வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருங்கள். நான் மணி பார்க்கிறேன்."

சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். நான் "திருடன்!" என்றதும் எழுந்து முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பிறகு சாவி; சாவி பெரியம்மாவின் தைலப் பெட்டிக்குள். அலமாரி, கைலி, துப்பாக்கி. தோட்டா வேறோர் இடத்தில், அதற்கு வேறொரு பூட்டு. மடித்துத் தோட்டாவைப் போட்டு நிமிர்த்தும்போது என் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதினோரு நொடி. பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "பன்றி காத்திருக்கும். திருடன் காத்திருப்பானா?"

அந்த இரண்டு நிமிடத்தைக் குறைக்க ஒரே வழி, தோட்டாவைப் போட்டே தலைமாட்டில் வைப்பது. வாரம் தவறாமல் பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு. "உன் பெரியம்மா என்னைச் சுட்டுவிடுவாள்" என்றார்.

துப்பாக்கி போனால் அடுத்து எல்லோரும் சொல்வது பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தி. என் தெருவில் பாதி வீட்டில் கட்டிலுக்கு அடியில் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் இருந்தது. வீட்டுக்குள் தேங்காய் வெட்ட வைத்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் கதை வேறு: பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் ஏந்துவதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கின்றன. என் மறுப்பு அதற்காக மட்டுமல்ல. கத்தி வேலை செய்ய, வந்தவனுக்குக் கையெட்டும் தூரத்தில் நாம் போய் நிற்க வேண்டும். வருபவன் தனியாக வருவதில்லை, வெறுங்கையோடும் வருவதில்லை. 45 கிலோ எடையுள்ள என் மனைவிக்கு ஒரு பாராங்கைக் கொடுப்பது, வந்தவனுக்கு இரண்டாவது பாராங்கைக் கொடுப்பதாகத்தான் முடியும்.

தற்காப்பு உரிமை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குற்றவியல் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. கொள்ளைக்கும் இரவில் வீடு உடைத்து நுழைவதற்கும் எதிராக உயிர்ச்சேதம் வரைகூட அந்த உரிமை நீளலாம் என்று 103ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 99ஆம் பிரிவு கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை. உண்டியலோடு சுவரேறி ஓடுபவனைத் துரத்திப் போய் வெட்டினால், மறுநாள் கூண்டில் நிற்பது நாம். டெக்சஸில் இரவுத் திருடன் பொருளோடு ஓடும்போதுகூடச் சில நிபந்தனைகளோடு சுட இடம் இருக்கிறது. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே வீரம் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

ஆகவே நோட்டில் ஆயுதப் பக்கத்தை மடித்துவிட்டு, நிமிடம் வாங்கித் தரும் பொருள்கள் எவை என்று எழுதத் தொடங்கினேன்.

சிசிடிவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது வீட்டில் நான்கு கேமரா இருந்தன. முகமூடி போட்ட இரண்டு பேர் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறார்கள்.

கிரில்லைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஆட்கள் கிரில்லில் பூவும் மயிலும் பார்ப்பார்கள், கம்பியின் உள்ளே பார்ப்பதில்லை. எங்கள் தாமானில் பல வீட்டில் இருப்பது வெற்றுக் குழாய். மேலே சாயம் பளபளக்கும், உள்ளே காற்று. கிரில்காரர் ஒருவர் இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னாலேயே வெட்டிக் காட்டினார். குழாய் ஒரே அமுக்கில் நசுங்கி வெட்டுப்பட்டது. அதே குறட்டால் கெட்டிக் கம்பியை வெட்ட, அவர் குறட்டின் ஒரு பிடியைத் தரையில் வைத்து மறு பிடியின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. வெட்டியபோது எழுந்த ஓசைக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த ஓசைக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். கிரில்லை உடைக்கவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. உடைப்பவனை நேரம் எடுக்கவும் சத்தம் போடவும் வைத்தால் போதும்.

கிரில்லின் மறுபக்கம் நெருப்பு. பூட்டிய கிரில்லுக்குப் பின்னால் சாவி தேடிக்கொண்டே மாண்டவர்களின் செய்தி இந்த நாட்டில் அவ்வப்போது வருகிறது. திருடனை வெளியே நிறுத்தும் பூட்டு நம்மை உள்ளே நிறுத்தவும் தெரிந்தது. ஆகவே மாடிச் சன்னல் ஒன்றிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் வேண்டும். அதன் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே சிறுவன் கை எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகளாக அந்தச் சாவி எங்கே இருந்தது என்று தேடியதில், வரவேற்பறை இழுப்பறையில், பழைய திருமண அழைப்பிதழ்களுக்குக் கீழே கிடைத்தது.

பழைய வரிசை வீடுகளில் இன்னொரு ஓட்டை உண்டு. கூரைக்கு அடியில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உச்சி வரை எழுப்பப்படாமல் இருந்தால், காலியான பக்கத்து வீட்டின் உட்கூரை வழியாக ஏறி நம் குளியலறைக்குள் இறங்கலாம். ஏணி வைத்து ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்தேன், சுவர் இருந்தது, யாரோ விட்டுப்போன 1990களின் காப்பிக் குவளையும் இருந்தது.

தானியங்கி வாசல் கதவைப் பற்றி என் சொந்தக் கடுப்பு ஒன்று. நான்கு ஆண்டுக்கு முன் ஒரு கடைக்காரர் பொருத்திக் கொடுத்த ரிமோட், மாறாத ஒரே குறியீட்டை அனுப்பும் வகை என்பது அண்மையில்தான் தெரிந்தது. சாவிக் கடையில் ஐந்து நிமிடத்தில் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் வகையும் இருக்கிறது, வித்தியாசம் பெரிய தொகையும் அல்ல. அன்றைக்கு அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

நாய் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மேல். கண்விழித்துக் காத்திருக்கும், மின்சாரம் போனாலும் குரைக்கும், அந்நியன் வேலியருகே வரும்போதே சொல்லிவிடும். நிமிடக் கணக்கில் கிரில்லைவிட முன்னால் நிற்கிறது. கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. காது நன்றாகக் கேட்கும் கலப்பு நாய் போதும். ஆனால் நகராண்மை உரிமம் வேண்டும்; வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்பதற்கு வரம்பும் உண்டு. 2015இல் வெறிநாய்க்கடி நோய் பினாங்குக்கும் வந்தபோது பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்குத் தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வலப்பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சி என்று கூப்பிடுபவர்; அவருக்கு நாய் அருகில் வருவது சங்கடம். இருபது ஆண்டாக நோன்புப் பெருநாளுக்குக் கேத்துப்பாட் கொடுத்து அனுப்புகிறவர். அவரிடம் பேசாமல் நாய் கொண்டுவருவது காவலுக்கே கேடு. சமையலறைச் சன்னலில் வெளிச்சம் தெரிந்தால் எனக்கு முதலில் தொலைபேசி செய்யப் போகிறவர் அவர்தான். கேட்டேன். பின்கட்டிலேயே கட்டி வைத்தால் சரி, அவர் பக்க வேலியை மட்டும் அடைத்துக் கொடுக்கச் சொன்னார்.

தெருமுனையில் தடுப்புக் கட்டை போட்டுக் காவலாளி வைக்கும் யோசனைக்குக் குடியிருப்பாளர் கூட்டத்தில் நிறையக் கைதட்டல். கட்டணம் என்றதும் கைகள் இறங்கிவிட்டன. சாலை பொதுச் சாலை. காசு தராத வீட்டுக்காரரையும் வெளியாரையும் தடுத்து நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. ஆகவே மாதாமாதம் தருபவர்கள் தராதவர்களைத் திட்டிக்கொண்டே காலம் போகும். அதற்குப் பதில் 1975இலிருந்து இருக்கிற ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு, அதன் கீழ் தன்னார்வ இரவு ரோந்து. சட்டைக்கு மேல் ஒளிரும் மேலாடை, கையில் டார்ச், பாதி இரவு முழுக்கப் பந்தாட்டப் பேச்சு. கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். எங்கள் தாமானில் ரோந்து நடந்த ஆண்டுகளில் உடைபட்ட வீடு ஒன்றும் இல்லை; ரோந்தால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மூன்றாவது வீடு உடைபட்டது ரோந்து நின்று எட்டாவது மாதம்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: அவர்கள் எதைத் தேடி வருகிறார்கள். தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது யாரும் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியமல்ல; தைப்பூசத்தன்று எல்லோரும் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருப்போம் என்பதும் ஊருக்கே தெரியும். என் அம்மா காலத்தில் பெரிய நகையை அடகுக் கடையில் கொஞ்சம் பணத்துக்கு வைத்துவிடுவார்கள், பணத் தேவைக்காக அல்ல, பத்திரமாக இருக்குமே என்று. மாதம் இரண்டு விழுக்காடு வட்டியில் அது விலையுயர்ந்த பெட்டகம்தான். வங்கிப் பெட்டகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம். வீட்டில் இனித் தாலிக்கொடியும் இரண்டு வளையலும் மட்டும். நகை போகட்டும், ஆளைத் தொடாதே என்று சொல்லும் துணிவு, போகிற நகை கொஞ்சமாக இருந்தால்தான் வருகிறது.

எல்லாவற்றையும் எழுதி முடித்து மனைவியிடம் நோட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீங்கள் இல்லாத இரவில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்றாள்.

இல்லை. அன்றிரவே அதை எழுதினோம். சத்தம் கேட்டால் யாரும் கீழே இறங்கிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் இருவரும் எங்கள் அறைக்கு வருவது. பெரியவன் கதவின் மேல் கொண்டியும் கீழ்க் கொண்டியும் போடுவது. அவள் 999ஐ அழைத்து முதலில் முகவரி சொல்வது, பிறகு மக்சிக்கு. சின்னவள் எல்லா விளக்கையும் போடுவது. கைப்பேசி கீழே மின்னேற்றியில் இருக்கக் கூடாது, படுக்கையறையில்தான். அறைக் கதவு உள்ளீடற்ற ஒட்டுப்பலகை. தங்கையைப் பார்த்துக் கெட்டி மரமாக மாற்றுவது என்று முடிவு. வரிசை இதுதான்: கதவும் பின்கட்டுக் கிரில்லும் இந்த மாதம், நாயும் வேலி அடைப்பும் அடுத்த மாதம், ரிமோட் மாற்றுவது சம்பள உயர்வு வந்ததும். பாராங் தோட்டக் கொட்டகைக்குப் போய்விட்டது.

ஒத்திகை பார்த்தோம், நானே திருடன். பின்வாசலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மணி பார்த்தேன். கொண்டி விழும் சத்தம் கேட்க முப்பத்தெட்டு நொடி. சின்னவளுக்கு அது போதவில்லை, அண்ணன் செருப்பைத் தேடினான் என்று கோள் சொன்னாள். இரண்டாவது முறை இருபத்தொன்று. மூன்றாவது முறைக்கு முன் மக்சி சன்னலைத் திறந்து, எல்லாம் நலமா என்று கேட்டார்.

சனிக்கிழமை கிரில்காரர் வருகிறார். மயில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவி ஒரே ஒரு பூ கேட்கிறாள்.